காற்றை நிறுத்திப் பார்த்தவர்

லூயி பாஸ்டர்னு சொன்னா நமக்கு பால் பாக்கெட்டும் வெறிநாய்க்கடி ஊசியும்தான் ஞாபகம் வரும். ஆனா ஃபெர்மென்டர்ல ஆக்சிஜன் அளவை ஏன் விடாம கவனிக்கிறோம்னு கேட்டா, அதுக்கும் அவர்கிட்டதான் போகணும்.

1822-ல் பிரான்ஸின் டோல் ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடுபவர். வேதியியல் படித்த பாஸ்டர் 1854-ல் லீல் நகரத்தில் பேராசிரியர் ஆனார். 1856-ல் ஒரு மாணவனின் அப்பா உதவி கேட்டு வந்தார். பீட் கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் அவரது ஆலையில் சில தொட்டிகள் கெட்டுப் புளித்துப்போயின. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட். கெட்டதில் குட்டிக் குச்சி மாதிரி வேறு கிருமிகள்.

நொதித்தல் வெறும் ரசாயனச் சிதைவு என்று லீபிக் போன்ற ஜாம்பவான்கள் அடித்துச் சொன்ன காலம் அது. பாஸ்டரோ, அது உயிர்களின் வேலை என்றார்.

1861-ல் இன்னொரு ஆச்சரியம். பியூட்ரிக் அமிலம் தரும் கிருமிகள் காற்று பட்டதும் அசைவை நிறுத்திவிட்டன. ஈஸ்ட் கதை வேற. காற்று இல்லாதபோது 1 பங்கு ஈஸ்ட் வளர 60 முதல் 80 பங்கு சர்க்கரை செலவானது. காற்று கொடுத்தால் 4 முதல் 10 பங்கே போதும். காற்று இருந்தால் வளர்ச்சி, இல்லாவிட்டால் ஆல்கஹால். இதைத்தான் இன்று பாஸ்டர் விளைவு என்கிறோம்.

இதற்கிடையே வீட்டில் பெரிய இடி. 1859-க்கும் 1866-க்கும் நடுவில் மூன்று மகள்களைப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதித்தது. அப்பவும் லேபை விடலை. 1876-ல் பீர் பற்றிய புத்தகத்தில் இதே காற்று விஷயத்தை மறுபடி அலசினார். 1895-ல் மறைந்தார்.

இன்று மார்ட்டியரெல்லா அல்பைனா என்ற பூஞ்சையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு போடும் என்சைமுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேணும். காற்று குறைந்தால் அந்த வேலை படுத்துவிடும். சரி, வேகமாகக் கலக்கிக் காற்றைக் கூட்டலாம்னு பார்த்தா பூஞ்சை இழைகள் அறுந்துபோகும். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம்? தொட்டியை டிசைன் பண்ற இன்ஜினியர்தான் கணக்குப் போடணும்.