வில்மா ருடால்ஃப்: ஏடுகள் வரைந்த உருவமும் அவர் வாழ்ந்த வாழ்வும்

1960ஆம் ஆண்டு செப்டம்பரில், ரோம் ஒலிம்பிக் திடலில் இருபது வயதுக் கறுப்பினப் பெண்ணொருவர் 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கின் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. இத்தாலிய ஏடுகள் அவருக்குக் கறுப்புச் சிறுமான் என்று பெயர் சூட்டின. பிரெஞ்சு ஏடுகள் கறுப்பு முத்து என்றன. இவை புகழுரைகளாகவே எழுதப்பட்டன. எனினும் வென்ற வெள்ளையினப் பெண்ணை வெள்ளை மான் என்று அழைக்கும் வழக்கம் எந்த நாட்டு ஏட்டுக்கும் இருந்ததில்லை. நிறத்தையும் விலங்கையும் இணைத்துச் சொல்லப்படும் பாராட்டு, பாராட்டப்படுபவரின் உழைப்பை உடலின் இயல்பாக மாற்றிவிடுகிறது. வில்மா ருடால்ஃபின் வாழ்வை அந்த உழைப்பின் பக்கமிருந்து நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் 1940 ஜூன் 23 அன்று டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரை அடுத்த செயின்ட் பெத்லஹேமில் பிறந்தார். தந்தைக்குப் பிறந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபதாமவர். தந்தை ரயில்வேயில் சுமைதூக்கும் பணியாளர். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். நிமோனியா, செங்காய்ச்சல், பின்னர் இளம்பிள்ளைவாதம் என நோய்கள் தொடர்ந்தன. இடது கால் வலுவிழந்தது; இரும்புக் கவசம் பூட்டிய காலுடனேயே குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி கழிந்தது.

இந்தப் பகுதியைத்தான் ஏடுகள் பின்னாளில் பெரிதும் விரும்பின. முடங்கிய கால், தாயின் அன்பு, சிறுமியின் மன உறுதி, இறுதியில் ஒலிம்பிக் தங்கம் என்று அது ஓர் அற்புதக் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. கதையில் பொய் இல்லை. ஆனால் காரணம் விடுபட்டிருந்தது. கிளார்க்ஸ்வில் மருத்துவமனை வெள்ளையருக்கு மட்டுமானது. ஆகவே தாயும் மகளும் வாரந்தோறும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பயணம் செய்து, நாஷ்வில் நகரில் கறுப்பினத்தாருக்கான மெஹாரி மருத்துவக் கல்லூரிக்குச் சென்றனர். பேருந்தில் அவர்களுக்கு உரியவை பின் இருக்கைகளே. எஞ்சிய நாட்களில் தாயும் உடன்பிறந்தோரும் முறைவைத்து அந்தக் காலைப் பிடித்துவிட்டனர். ஊருக்குள் இருந்த மருத்துவமனையின் வாயில் மூடப்பட்டதைச் சொல்லாமல் மன உறுதியை மட்டும் சொல்வது என்ன செய்யும் என்பது, சாதிய ஒதுக்குதலை அறிந்த நமக்கு விளக்கத் தேவையில்லாத ஒன்று.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் அவர் கூடைப்பந்து ஆடினார். அங்கு அவரைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தவர் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எட் டெம்பிள். 1956இல் மெல்போர்னில், பதினாறு வயதில், தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்றார்.

டெம்பிளின் அணி உருவான சூழல் தனியே பேசத்தக்கது. அமெரிக்காவின் வெள்ளை நடுத்தர வர்க்கம் பெண்களின் தடகளத்தை அன்று பெண்மைக்குப் பொருந்தாததாகக் கருதியது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் மயங்கிச் சரிந்தனர் என்று ஏடுகள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் அந்த ஓட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டு, 1960இல் ரோமில்தான் திரும்பியது. ஒரு பொய்ச் செய்தியின் ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டுகள். இவ்வாறு வெள்ளைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஒதுக்கிய களத்தை டஸ்கிகீ, டென்னசி மாநிலம் போன்ற கறுப்பினக் கல்வி நிறுவனங்கள் பேணின. வசதியால் அல்ல. டென்னசி வீராங்கனைகள் கல்விச் செலவுக்காக வளாகத்தில் வேலை செய்தனர்; போட்டிகளுக்குக் காரில் செல்கையில் வழியிலுள்ள உணவகங்கள் அவர்களுக்குத் திறக்காது என்பதால் உணவைக் கட்டி எடுத்துச் சென்றனர்.

டெம்பிள் தம் மாணவிகளின் தோற்றத்திலும் கண்டிப்பு காட்டினார். போட்டி முடிந்ததும் தலைவாரி முகம் திருத்திய பின்னரே நிழற்படக்காரர் முன் நிற்க வேண்டும். கறுப்பினப் பெண்ணை ஆண்தன்மை கொண்டவளாக எழுதக் காத்திருந்த ஏடுகளுக்கு முன் இது ஒரு கேடயம். கேடயம் தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாங்க எல்லா உடல்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ரோம் போட்டியில் குண்டெறிதலில் வெண்கலம் வென்றவர் ஏர்லீன் பிரவுன் என்னும் கறுப்பினப் பெண். அவர் ஒரு தாய், முடிதிருத்தும் தொழில் செய்தவர், பருத்த உடலினர். ஏடுகள் அவரது எடையைப் பேசின. ஆறடிக்குச் சற்றே குறைந்த மெலிந்த உயரத்துடன் ஓடிய வில்மாவுக்கு நளினம் என்ற சொல் கிடைத்தது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வீராங்கனைகளைப் பெண்மையற்றவர்களாகச் சித்திரித்து வந்த அமெரிக்க ஏடுகளுக்கு இந்த நளினம் பெரிதும் பயன்பட்டது.

அந்த நளினச் சித்திரத்திற்குள் வராத ஒருத்தி இருந்தாள். பள்ளியின் இறுதியாண்டில் வில்மா கருவுற்றார். 1958இல் மகள் யோலாண்டா பிறந்தாள். தாயானவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்ற விதியை டெம்பிள் அவருக்காகத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பத்தார் வளர்க்க, அவர் பல்கலைக்கழகம் சென்றார். ரோமில் வென்றபோது அவர் இரண்டு வயதுக் குழந்தையின் தாய். உலகம் படித்த கதையில் அந்தக் குழந்தைக்கு இடமிருக்கவில்லை. மணமாகாத கறுப்பினத் தாய் என்ற ஒரே சொல்லால் மூன்று தங்கங்களையும் அவர்கள் மறைத்துவிடக்கூடும் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல.

புகழ் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஏடுகளுக்கான தோற்றம் சார்ந்ததல்ல. கிளார்க்ஸ்வில் அவரை வரவேற்க விரும்பியது. இனவாரியாகப் பிரித்து நடத்தப்படும் விழாவுக்கு வரமாட்டேன் என்று அவர் உறுதியாக மறுத்தார். 1948இல் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஆலிஸ் கோச்மனுக்கு ஜார்ஜியாவின் ஆல்பனி நகரம் நடத்திய விழாவில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். மேயர் அவரோடு கைகுலுக்கவும் இல்லை. வில்மா அந்த வரிசையை ஏற்கவில்லை. 1960 அக்டோபர் 4 அன்று நடந்த ஊர்வலமும் விருந்தும் கிளார்க்ஸ்வில்லில் இரு இனத்தாரும் ஒன்றாகக் கூடிய முதல் பொது நிகழ்வாயின.

1961இல் ஸ்டுட்கார்ட் நகரில் 100 மீட்டரை 11.2 வினாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார். 1962இல் ஓட்டத்தை நிறுத்தினார். 1963இல் அரசு அவரை நல்லெண்ணத் தூதராக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. திரும்பி வந்த சில வாரங்களில், சொந்த ஊரின் உணவகமொன்றில் கறுப்பினத்தாரை அனுமதிக்கக் கோரிய போராட்டத்தில் அவர் நின்றார்; உள்ளே விடவில்லை. அயல்நாட்டில் அமெரிக்காவின் முகம், உள்ளூரில் அனுமதியற்ற வாடிக்கையாளர்.

பொருளாதாரமும் இதே வழியில்தான் சென்றது. அன்றைய அமெச்சூர் விதிகள் ஓட்டத்தால் பொருளீட்டுவதைத் தடுத்தன. ரோமில் உடன் தங்கம் வென்ற கேசியஸ் கிளே, பின்னாளில் முகமது அலி, தொழில்முறைக் குத்துச்சண்டைக்குச் சென்றார். பெண் ஓட்டக்காரிக்கு அத்தகைய கதவு இருக்கவில்லை. வில்மா ஆசிரியரானார், பயிற்சியாளரானார், ஊர் ஊராக வேலை மாறினார், நான்கு பிள்ளைகளை வளர்த்தார்.

1977இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டார். ஏடுகள் விட்டுச்சென்றவற்றை அவர் அதில் எழுதினார்: பள்ளிப் பருவத்துக் கருவுறுதல், மகள், பிரிவினைக் காலத்துக் கிளார்க்ஸ்வில், தங்கத்துக்குப் பின் வந்த பணமுடை. பத்தொன்பது ஆண்டுகள் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்ட யோலாண்டா, தாயின் கையெழுத்தில் அதற்குள் வந்தார். அதே ஆண்டு அது தொலைக்காட்சிப் படமாகவும் ஆனது.

1994 நவம்பர் 12 அன்று, மூளைப் புற்றுநோயால், ஐம்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். மருத்துவம் மறுத்த கிளார்க்ஸ்வில்லின் நெடுஞ்சாலை ஒன்று இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.