சமையலறை மேசையில் உருவான பலூன்... இதய அடைப்புக்கு வழி திறந்த டாக்டர் க்ரூன்ட்ஸிக்!

ஓசூர், சூளகிரி பக்கம் யாருக்காவது நெஞ்சை அடைக்கிற மாதிரி வலி வந்தால், பல குடும்பங்கள் வண்டியை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குத்தான் திருப்புகின்றன. ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்பதெல்லாம் சிப்காட் தொழிலாளிகள் முதல் ரோஜாத் தோட்டக்காரர்கள் வரை எல்லோருக்கும் பழகிய வார்த்தைகள். கரைஞ்சுபோற ஸ்டென்ட்டே வைக்கலாமா என்று விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் பிள்ளையார்சுழி போட்டவர், 46 வயதிலேயே இறந்துபோன ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக்.

போர் பறித்த அப்பா

1939 ஜூன் 25-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் அப்பாவைப் பறித்துக்கொண்டது. அம்மாதான் வளர்த்தார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்குப் பகுதிக்கு வந்து, ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்தார். 1969-ல் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார்.

அதற்கு முன்பே, 1964-ல், அமெரிக்க டாக்டர் சார்லஸ் டாட்டர், 82 வயதுப் பெண்மணியின் காலில் அடைபட்ட ரத்தக்குழாயைக் கத்தியே வைக்காமல் திறந்திருந்தார். மெல்லிய குழாயை நுழைத்து, அதன் மேல் தடித்த குழாயைச் செலுத்தி வழியை அகலப்படுத்தும் முறை அது. காலுக்குச் சரி, துடிக்கிற இதயத்துக்கு அது சரிப்படாது. உள்ளே போகும்போது ஒல்லியாகவும், போன பிறகு பருமனாகவும் ஆகிற கருவி வேண்டும். க்ரூன்ட்ஸிக் மனதில் பலூன் வந்தது இப்படித்தான்.

சமையலறையே பட்டறை

சாதாரண ரப்பர் பலூன் உதவவில்லை. கெட்டியான அடைப்பில் வைத்து ஊதினால், நடுவில் விரியாமல் இரண்டு பக்கமும்தான் புடைக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விரியாத, ஆனால் அழுத்தம் தாங்குகிற பொருளைத் தேடி, கடைசியில் பி.வி.சி-க்கு வந்தார். டியூட்டி முடிந்ததும் வீட்டுச் சமையலறை மேசைதான் பட்டறை. உதவியாளர் மரியா ஷ்லம்ப்ஃபும் மனைவியும் கைகொடுக்க, வெட்டி, ஒட்டி, சூடாக்கி, ஒவ்வொரு கதீட்டரையும் கையாலேயே செய்தார்கள்.

1974-ல் நோயாளியின் காலில் பலூன் வெற்றி பெற்றது. அடுத்து நாய்களின் இதயத்தில் சோதனை. 1976-ல் அமெரிக்க இதய மருத்துவர்கள் மாநாட்டில் அதைக் காட்டியபோது, நம்பியவர்கள் குறைவு.

1977 செப்டம்பர் 16. சூரிச்சில் பைபாஸுக்குக் காத்திருந்தவருக்கு வயது 38, டாக்டரின் அதே வயது. ஏதாவது தவறினால் நெஞ்சைத் திறக்க அறுவை சிகிச்சைக் குழு தயாராக நின்றது. நோயாளி விழித்தபடியே இருக்க, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் பலூன் இருமுறை விரிந்தது. அடைப்பு விலகியது. 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

க்ரூன்ட்ஸிக்கின் பெருமை இதோடு முடியவில்லை. மற்ற டாக்டர்கள் திரையில் நேரடியாகப் பார்க்கும்படி சிகிச்சை செய்து கற்றுக்கொடுத்தார். சொதப்பினால் எல்லோர் கண்ணிலும் படும். சிக்கல்களையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு, எமோரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் பயின்ற டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல்தான், பின்னாளில் சென்னையில் பணியாற்றி, இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று பெயர் பெற்றவர்.

1985 அக்டோபர் 27. மோசமான வானிலையில் க்ரூன்ட்ஸிக் தானே ஓட்டிய சிறு விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்தது. உடன் இருந்த மனைவியும் இறந்தார்.

பலூனுக்கு அப்புறம்

பலூன் எதையும் உள்ளே விட்டுவைப்பதில்லை. அதுவே பலம், அதுவே பலவீனம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சில மாதங்களில் குழாய் மறுபடி சுருங்கியது. முட்டுக்கொடுக்க, 1986-ல் உலோக ஸ்டென்ட் வந்தது. பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட். பிரச்னை குறைந்தது, ஆனால் உலோகம் ஆயுள் முழுக்க உள்ளேயே தங்கும்.

குழாய் ஆறும்வரை தாங்கிவிட்டு, தானே கரைந்துபோகிற ஸ்டென்ட் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். பாலிலாக்டைடு என்ற பொருளில் செய்த அப்சார்ப் ஸ்டென்ட் சுமார் 3 ஆண்டுகளில் கரையும். ஆனால் அதன் கம்பிகள் தடிமனானவை. உள்ளே ரத்தம் உறைவது உலோக ஸ்டென்ட்டைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியதால், 2017-ல் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. குஜராத்தின் மெரில் நிறுவனம் உட்பட சிலர் மெல்லிய கம்பிகளோடு புதியவற்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் இன்று பெரும்பாலானோருக்குப் பொருத்தப்படுவது மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்தான். க்ரூன்ட்ஸிக் கேட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும்: புதுசு என்பதற்காக அல்ல, சிக்கல்களையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

* நெஞ்சுவலி வந்தால் நேராகப் பெங்களூர் என்று கிளம்ப வேண்டாம். 108-ஐ அழைத்து, அருகில் உள்ள மருத்துவமனையில் முதலில் ஈ.சி.ஜி எடுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் தருகிறார்கள்.

* ஸ்டென்ட் எந்த வகையாக இருந்தாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

* பலூனும் ஸ்டென்ட்டும் வழியைத்தான் திறக்கும். பீடி சிகரெட், சர்க்கரை, பி.பி-யைக் கட்டுப்படுத்தாவிட்டால் அடைப்பு வேறு இடத்தில் வரும். பி.பி, சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடித் தரும் மக்களைத் தேடி மருத்துவம், 2021-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பக்கத்திலேயே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.