எழுத்துக்கு உடல் தந்த கவிஞர்

வில்லியம் மாரிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை அவர் பாடிய நெடுங்கவிதைகளும், பூவும் இலையும் பின்னிப் பிணைந்த அவருடைய சுவர்த்தாள் ஓவியங்களுமே. வாழ்வின் கடைசி ஏழெட்டு ஆண்டுகளில் அவர் அச்செழுத்தின் மீது தீராத காதல் கொண்டிருந்தார் என்பதை நூலகத்தில் படித்து அறிந்தபோது, அந்தப் பகுதியை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

மாரிஸ் 1834ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் செல்வக் குடியில் பிறந்தார். 1853இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தவர், அங்கே எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் நட்பால் சமயப் பணி எண்ணத்தை விட்டுக் கலையின் பக்கம் திரும்பினார். 1861இல் நண்பர்களோடு அலங்காரப் பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். எந்தத் தொழிலையும் தம் கையால் செய்து பாராமல் விடுபவர் அல்லர் அவர். சாயத் தொட்டியில் அளைந்து கைகள் அவுரி நீலமாகவே திரிந்த காலமும் உண்டு. 1883இல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து தெருமுனைகளில் பேசினார். 1892இல் டென்னிசன் மறைந்தபின் அரசவைக் கவிஞர் பதவி அவரை நாடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார்.

இனி எழுத்துக்கு வருவோம். 1888ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் மாலை, எமரி வாக்கர் என்னும் அச்சுக்கலை அறிஞர் இலண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். பழைய நூல்களின் பக்கங்களை விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அவையில் இருந்த மாரிஸுக்கு அப்போது வயது 54. நானே ஓர் எழுத்தைப் படைப்பேன் என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேர்விட்டது.

அவருக்கு அப்படி என்ன குறை? அக்காலத்து ஆங்கில அச்செழுத்தில் தடித்த கோடு மிகத் தடிப்பாகவும், மெல்லிய கோடு மயிரிழை போலவும் இருந்தன. வெளிறிய மையில் அச்சான பக்கம் சாம்பல் பூத்தாற்போல் காட்சி தரும். ஆகவே மாரிஸ் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றார். 1470களில் வெனிஸ் நகரில் நிக்கோலஸ் ஜென்சன் அச்சிட்ட நூல்களின் எழுத்தைப் புகைப்படத்தால் பெரிதாக்கி, அதன் மேல் மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். வடிவத்தின் உள்ளோட்டம் கைக்குள் வந்தபின், மூலத்தை ஒதுக்கிவிட்டுத் தாமாக வரைந்தார். அதைச் சிறிதாக்கிப் பார்த்துத் திருத்தி, மீண்டும் வரைந்தார். எட்வர்ட் பிரின்ஸ் என்னும் கைவினைஞர் ஒவ்வோர் எழுத்தையும் எஃகுத் துண்டின் முனையில் இடவலம் மாற்றிச் செதுக்கித் தந்தார். இப்படிப் பிறந்ததே 14 பாயிண்ட் அளவுள்ள ‘கோல்டன்’ எழுத்து.

ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு குறுக்குக் கோடு ஒன்று நிற்கும். அதைச் செரிஃப் என்பர். மற்ற எழுத்துகளில் அது மெல்லிய கீற்று; கோல்டனிலோ செங்கல் வைத்தாற்போல் திண்ணியது. தண்டும் தடிப்பு, வளைவும் தடிப்பு. ஜென்சனின் எழுத்து இதனினும் மென்மையானது, அழகானது என்பது என் எண்ணம். ஆனால் மரச்செதுக்குப் படங்களுக்கும் கொடி ஓடும் விளிம்புகளுக்கும் பக்கத்தில் மெல்லிய எழுத்து எடுபடாது. கோல்டன் அவற்றுக்கு ஈடுகொடுத்து நின்றது. கையால் செய்த தாள், கரிய மை, கையால் இயக்கும் அச்சுப்பொறி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அதன் முழு அழகு தெரியும். தலைப்புக்கும் அழைப்பிதழுக்கும் கவிதைக்கும் அது ஏற்றது. மெல்லிய தாளில் நெருக்கி அடித்த நீண்ட உரைநடைக்கு ஏற்றதன்று, கண் களைத்துவிடும்.

1891இல் ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கியது. தொடர்ந்து பழைய ஜெர்மானிய நூல்களைத் தழுவி ‘டிராய்’ என்னும் 18 பாயிண்ட் எழுத்தும், அதையே சிறிதாக்கிச் ‘சாசர்’ என்னும் 12 பாயிண்ட் எழுத்தும் வந்தன. இவை கரிய கோதிக் சாயல் உடையவை. சாசரின் நூல் முழுவதும், பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு, 1896இல் வெளிவந்தது. தாளில் 425 படிகள், கன்றுத்தோலில் 13 படிகள். தாள் படியின் விலை 20 பவுன்!

தொழிலாளர்க்கும் கலை வேண்டும் என்று தெருவில் நின்று பேசியவர், அத்தொழிலாளியின் பல வாரக் கூலியை விழுங்கும் நூலை அச்சிடலாமா? இக்கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. மலிவாகவும் நன்றாகவும் ஒருசேரச் செய்ய அன்றைய உலகில் வழியில்லை என்று அவர் நம்பினார். எனக்கு இந்த விடையில் முழு நிறைவு இல்லை. ஆயினும் அவர் இலாபத்துக்காக அச்சிடவில்லை. நூல் என்பது எப்படி இருக்கக்கூடும் என்று காட்டவே அச்சிட்டார் என்பதை மறுக்க இயலாது. அவரைப் பார்த்தே பல சிற்றச்சகங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றின.

சாசர் நூலைக் கையில் ஏந்திய சில மாதங்களில், 1896 அக்டோபர் 3ஆம் நாள், தம் 62ஆம் வயதில் மாரிஸ் மறைந்தார். 53 நூல்களை வெளியிட்ட அச்சகம் 1898இல் மூடப்பட்டது. அவர் வரைந்த அலங்கார மரக்கட்டைகளை நூறு ஆண்டுகளுக்கு யாரும் எடுத்து அச்சிடலாகாது என்னும் நிபந்தனையோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தனர். எழுத்துகளுக்கு அந்தக் காவல் வாய்க்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1893இல், அமெரிக்க வார்ப்படச்சாலை ஒன்று கோல்டனைப் பார்த்து ‘ஜென்சன்’ என்ற பெயரில் ஓர் எழுத்தை வார்த்து விற்றது. இயந்திரத்தை வெறுத்தவரின் எழுத்துச்சாயல் இயந்திரங்களில் ஏறி விளம்பரத் தாள்களில் உலா வந்தது. டிராய், சாசர் எழுத்துகளையும் அவர்கள் விடவில்லை. அந்த நகலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சாட்டானிக்’, அதாவது சாத்தானுக்கு உரியது.