நோர்பர்ட் வீனர்: துறைகளின் எல்லையில் நின்ற கணிதவியலாளர்

கணினியியல், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றை ஒரே கருத்தால் இணைத்துக் காட்டிய அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர், 1964ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் காலமானார். இன்று குற்றம், பாதுகாப்பு, சட்டம் எனப் பல சொற்களுக்கு முன்னொட்டாக வரும் சைபர் என்ற சொல், அவர் 1948இல் வெளியிட்ட சைபர்நெட்டிக்ஸ் என்ற நூலின் தலைப்பால் பரவியது.

கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தத் தலைப்பை அவர் எடுத்துக்கொண்டார். தமிழில் அவரை மீகாமன் என்பார்கள். கப்பல் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து, சுக்கானைச் சற்றே திருப்பி, அதனால் என்ன நேர்ந்தது என்று மீண்டும் பார்த்து, மறுபடியும் திருத்துவதே மீகாமனின் வேலை. விளைவைக் கண்டு செயலைத் திருத்தும் இந்தச் சுழற்சிக்குப் பின்னூட்டம் என்று பெயர். உயிருள்ள உடலும் மனிதர் செய்த இயந்திரமும் இந்த ஒரே முறையில்தான் தம்மை ஆள்கின்றன என்பதே வீனரின் மையக் கருத்து.

அந்தக் கருத்தை உலகம் விரைவாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அதன் பயன்பாடு யாருக்கு நன்மை தரும், யாருடைய பிழைப்பைப் பறிக்கும் என்று அவர் எழுப்பிய கேள்விக்கு அவர் வாழ்ந்த காலத்தில் உரிய கவனம் கிடைக்கவில்லை.

தந்தையின் பாடசாலை

வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் பிறந்தார். ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த பியாலிஸ்டாக் நகரிலிருந்து குடியேறிய அவரது தந்தை லியோ வீனர், பல மொழிகள் அறிந்தவர். பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிப் பேராசிரியரானார்.

மகனின் கல்வியைத் தந்தையே நேரடியாக நடத்தினார். தவறு செய்தால் கடுஞ்சொல் விழும். பாடம் பெரும்பாலும் அழுகையில் முடியும். எட்டு வயதில் கண்பார்வை குன்றியபோது ஆறு மாதங்கள் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடை விதித்தார். அந்த நாட்களில் பாடங்களைக் காதால் கேட்டு, கணக்குகளை மனதுக்குள்ளேயே போட்டுப் பழகினான் சிறுவன். எழுதாமலே நீண்ட கணக்குகளைச் சிந்திக்கும் ஆற்றல் அப்போது கைவந்தது.

பதினோரு வயதில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பும், பதினான்கு வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும், 18 வயதில் ஹார்வர்டில் முனைவர் பட்டமும் முடிந்தன. இந்த வெற்றிகளுக்குக் காரணம் மகனின் தனித்திறமை அல்ல, தமது பயிற்சி முறையே என்று தந்தை பத்திரிகைகளுக்குக் கூறிவந்தார். வென்றால் புகழ் தந்தைக்கு, தோற்றால் பழி தனக்கு என்ற எண்ணம் மகனின் மனதில் ஆறாத புண்ணாக நின்றது.

அதே காலத்தில் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் என்ற மற்றோர் இளம் மேதையும் பயின்றார். அவரும் தந்தையின் கல்விச் சோதனைக்கு உட்பட்டவரே. உலகம் வியந்த அந்தச் சிறுவன் பின்னர் கல்வியுலகை விட்டே விலகி, சிறு எழுத்தர் வேலைகளில் காலம் கழித்து, 1944இல் இறந்தார். குழந்தைகளை ஆய்வுப் பொருளாக்குவதன் விலையை வீனர் 1953இல் வெளியான தமது தன்வரலாற்றின் முதற்பகுதியில் விரிவாக எழுதியதற்குச் சிடிசின் முடிவும் ஒரு காரணம்.

ஆற்றின் அலைகளும் மின்சுற்றுகளும்

1913இல் வீனர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்று பெர்ட்ரண்ட் ரசலிடம் தத்துவமும் தர்க்கமும், ஜி.எச். ஹார்டியிடம் கணிதமும் கற்றார். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் எழுத்தர் சீனிவாச ராமானுஜன் அனுப்பிய கடிதம் ஹார்டியின் மேசைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

நாடு திரும்பிய வீனருக்கு நிலையான வேலை உடனே அமையவில்லை. கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார். முதல் உலகப் போரின் இறுதியில் இராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டார். பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் செய்தியாளராகவும் இருந்தார். 1919இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்த பின், 1960இல் ஓய்வுபெறும்வரை அதுவே அவரது இடமாயிற்று.

அக்கழகத்தை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் ஆற்றின் அலைகள், ஒழுங்கற்றவைபோலத் தோன்றும் அசைவுகளைக் கணிதத்தில் எவ்வாறு எழுதுவது என்ற வினாவை அவருக்குள் எழுப்பின. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான அசைவான பிரௌனியன் இயக்கத்துக்கு அவர் 1923இல் உறுதியான கணித அடித்தளம் அமைத்தார். வீனர் செயல்முறை என இன்று அழைக்கப்படும் அந்தக் கணிதம் இயற்பியலிலும், மின் தகவல்தொடர்பிலும், பங்குச் சந்தை விலைகளைக் கணிக்கும் முறைகளிலும் பயன்படுகிறது.

மின் பொறியாளர்கள் தீர்க்க முடியாத கணக்குகளுடன் அவரைத் தேடி வந்தனர். கழகத்தின் நீண்ட நடைகூடங்களில் எதிர்ப்படும் எவருடைய அறைக்குள்ளும் நுழைந்து, எந்தத் துறையாயினும் அங்குள்ளவரின் ஆய்வைக் கேட்டறிவது அவரது வழக்கமாக இருந்தது. இரு துறைகளுக்கு இடையில் யாரும் உரிமை கோராத நிலத்தில்தான் அறிவியலின் வளமான விளைச்சல் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

இரண்டாம் உலகப் போர் தீவிரமடைந்த 1940இல், கணக்கிடும் இயந்திரங்கள் பற்றி அமெரிக்கப் போர்க்கால ஆய்வுகளுக்குப் பொறுப்பாயிருந்த வனெவர் புஷ்ஷுக்கு வீனர் ஒரு குறிப்பு அனுப்பினார். இயந்திரம் எண்முறையில் இயங்க வேண்டும். பற்சக்கரங்களுக்குப் பதிலாக மின்னணுக் குழாய்கள் வேண்டும். இரும எண்கள் ஏற்றவை. தொடக்கம் முதல் முடிவுவரை மனிதக் கை குறுக்கிடக் கூடாது. தரவைச் சேமிக்கும் நினைவகம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். பின்னாளில் கணினிகள் இந்தப் பாதையிலேயே வளர்ந்தபோதிலும், அந்தக் குறிப்பு அப்போது ஒதுக்கி வைக்கப்பட்டது.

பீரங்கியும் நடுங்கும் கையும்

போர்க்காலத்தில் வீனருக்குக் கிடைத்த பணி, விமான எதிர்ப்புப் பீரங்கியின் இலக்கைக் கணிப்பது. குண்டு மேலே சென்று சேரப் பல விநாடிகள் ஆகும்; அதற்குள் விமானம் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. இருக்கப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். இளம் பொறியாளர் ஜூலியன் பிக்லோவுடன் இணைந்து, கடந்த அசைவுகளின் புள்ளிவிவரத்தைக்கொண்டு அடுத்த அசைவை ஊகிக்கும் கணித முறையை அவர் உருவாக்கினார். சோவியத் ஒன்றியத்தில் அந்திரேய் கொல்மகோரொவும் தனித்து இதே போன்ற முடிவுகளை எட்டியிருந்தார்.

வீனர் வடிவமைத்த கருவி போரில் பயன்படுத்தப்படவில்லை. ஆனால் விமானியும் பீரங்கி வீரரும் தங்கள் பிழையைக் கண்டு திருத்திக்கொண்டே இயங்குவதை அந்த ஆய்வில் அவர் கவனித்தார். அவ்வாறு திருத்தும் இயந்திரத்தில் திருத்தம் அளவு மீறினால், அது இலக்கைத் தாண்டிச் சென்று, மறுபக்கம் திரும்பி, ஊசலாடத் தொடங்கிவிடும். மனித உடலிலும் இத்தகைய கோளாறு உண்டா என்று மெக்சிகோவைச் சேர்ந்த உடலியல் அறிஞரும் நண்பருமான ஆர்துரோ ரோசன்புளூத்திடம் அவர் கேட்டார்.

உண்டு என்ற பதில் உடனே வந்தது. சிறுமூளையில் பாதிப்பு ஏற்பட்ட சில நோயாளிகள் சும்மா இருக்கும்போது அவர்களின் கை நடுங்குவதில்லை. மேசையிலுள்ள தண்ணீர்க் குவளையை எடுக்க முயலும்போது கை குவளையைத் தாண்டிப்போய், திரும்பி, இருபுறமும் ஊசலாடும். பொறியாளரின் பழுதும் மருத்துவரின் நோயும் ஒரே கணக்கில் அடங்கின. இந்தச் சிந்தனை 1943இல் மூவரும் இணைந்து எழுதிய கட்டுரையாக வெளிவந்தது.

போருக்குப் பின் மெக்சிகோ நகரின் தேசிய இதயவியல் நிறுவனத்தில் இருவரும் தொடர்ந்து பணியாற்றினர். இதயத் தசையில் மின்தூண்டல் எவ்வாறு பரவுகிறது, ஒழுங்கான துடிப்பு எவ்வாறு சிதறிப்போகிறது என்பது குறித்த அவர்களின் கணித ஆய்வு 1946இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சைபர்நெட்டிக்ஸ் நூல் சமன்பாடுகள் நிறைந்தது. அச்சுப் பிழைகளும் மலிந்தது. ஆயினும் எவரும் எதிர்பாராத அளவுக்கு விற்பனையானது.

மறுப்பும் எச்சரிக்கையும்

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் 1945இல் அணுகுண்டுகள் வீசப்பட்டது வீனரை உலுக்கியது. அடுத்த ஆண்டின் இறுதியில், ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த ஒரு விமான நிறுவன அறிவியலாளர் அவரது போர்க்கால அறிக்கையின் பிரதியைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் வெளியாயிற்று. அறிவைப் பகிர்வது அறிவியலின் அறம் என்றாலும், அது எவ்வாறு பயன்படும் என்று தெரிந்த பின்னும் கொடுப்பது பொறுப்பைத் துறப்பதாகும் என்பது அவரது வாதம். இராணுவ நிதியை அவர் மீண்டும் ஏற்கவில்லை. பனிப்போர் காலத்தில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவர்மீது கண் வைத்திருந்தது.

1949இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் ரியூதருக்கு அவர் எழுதிய கடிதமும் குறிப்பிடத்தக்கது. மலிவான கணினி தொழிற்சாலையை இயக்கும் நாள் தொலைவில் இல்லை என்றும், அதன் ஆதாயத்தில் தொழிலாளருக்குப் பங்கு கிடைக்க வழிசெய்யாவிட்டால் பெரும் வேலையிழப்பு நேரும் என்றும் எச்சரித்தார். 1950இல் வெளியான தமது அடுத்த நூலில் இதே கருத்தைப் பொதுவாசகருக்காக விளக்கினார்.

கல்கத்தாவில் சில மாதங்கள்

பி.சி. மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1955-56 காலத்தில் வீனர் வருகைதரு பேராசிரியராக இருந்தார். நாட்டின் முதல் மின்னணுக் கணினி அங்கு நிறுவப்பட்டதும் அதையொட்டிய காலத்தில்தான். மும்பையைச் சேர்ந்த கணிதவியலாளர் பி.ஆர். மசானியுடன் சேர்ந்து முன்கணிப்புக் கோட்பாட்டில் அவர் முக்கியக் கட்டுரைகளை எழுதினார். வீனரின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் எழுதியவர்களுள் மசானியும் ஒருவர்.

ஐரோப்பிய ஆலை நகரங்கள் கடந்துவந்த துயரத்தை இந்தியாவும் கடக்க வேண்டியதில்லை என்று அவர் கருதினார். தானியங்கித் தொழில்நுட்பம் சரியாகக் கையாளப்பட்டால் அந்தக் கட்டத்தைத் தவிர்க்க முடியும் என்பது அவரது நம்பிக்கை. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஆபத்து என்று கண்ட அதே இயந்திரத்தில் இந்தியாவுக்கு ஒரு வாய்ப்பை அவர் கண்டார். இயந்திரத்தை யார், எதற்காக ஆள்கிறார்கள் என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

நிழல்களும் இறுதிக் காலமும்

உள்ளச் சோர்வு வீனரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. மூளை ஆய்வில் அவருக்கு நெருக்கமாயிருந்த வாரன் மக்கலக், வால்ட்டர் பிட்ஸ் ஆகியோருடனான உறவை 1952இல் அவர் திடீரெனத் துண்டித்தார். குடும்பத்துக்குள் எழுந்த ஆதாரமற்ற ஒரு குற்றச்சாட்டே அதற்குக் காரணம் என்று பின்னாளில் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதினர். வீனரைத் தந்தைபோல் கருதியிருந்த பிட்ஸ் அந்த அடியிலிருந்து மீளவில்லை. தமது ஆய்வுத் தாள்களை அழித்துவிட்டு ஒதுங்கிய அவர் 1969இல் இறந்தார். பின்னூட்டத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர், தமது தவற்றைத் திருத்திக்கொள்ளும் செய்தியைக் கேட்க மறுத்த நிகழ்வாக இது நிற்கிறது.

ஊனமுற்றோருக்கு உதவும் கருவிகளில் அவரது அக்கறை குறையவில்லை. ஒலியை விரல்களில் அதிர்வாக மாற்றும் கையுறை ஒன்றைக் காதுகேளாதோருக்காக அவரது குழுவினர் சோதித்தனர். 1961இல் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது, தசையின் மின்குறிப்பால் இயங்கும் செயற்கைக் கை பற்றி எலும்பு மருத்துவர்களுடன் விவாதித்தார். அந்த உரையாடல்களிலிருந்து வளர்ந்த பாஸ்டன் கை அவர் மறைந்த பிறகே உருப்பெற்றது.

1964 ஜனவரியில் அமெரிக்க அதிபர் லின்டன் ஜான்சனிடம் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற வீனர், இரண்டே மாதங்களில், சுவீடன் பயணத்தின்போது 69ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார்.

கற்றுக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றித் தமது கடைசி ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். இயந்திரம் நாம் சொன்னதைச் செய்யுமே தவிர, நாம் மனதில் நினைத்ததைச் செய்யாது. அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் குறுக்கிட மனிதரால் முடியாமலும் போகலாம் என்பது அவரது அச்சம். நித்தியத்துவம் கேட்க எண்ணி, நாக்குப் பிறழ்ந்து நித்திரைத்துவம் கேட்டுப் பெற்ற கும்பகர்ணனின் கதையை அறிந்த தமிழர்களுக்கு இந்த அச்சம் புதியதல்ல. செயற்கை நுண்ணறிவின் நோக்கங்களை மனிதரின் நோக்கங்களோடு எவ்வாறு பொருத்துவது என்று இன்று ஆராய்வோர், 1960இல் இது குறித்து வீனர் எழுதிய கட்டுரையைத் தங்கள் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர். ஒதுக்கி வைக்கப்பட்ட கணினிக் குறிப்பைப் போலவே, அந்தக் கேள்வியும் உரியவர்களைச் சென்றடையப் பல ஆண்டுகள் பிடித்தன.