விக்கெட் காப்பாளர் குந்தரன்

கிரிக்கெட் அணியில் மட்டையாளர்களுக்கு ஐந்தாறு இடங்கள் உண்டு. பந்துவீச்சாளர்களுக்கு நான்கைந்து இடங்கள் உண்டு. விக்கெட் காப்பாளருக்கோ ஒரே இடந்தான். அவ்விடத்தில் ஒருவர் நின்றுவிட்டால், இணையான திறமை உடைய மற்றொருவர் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். புத்திசாகர் கிருஷ்ணப்பா குந்தரன் அவ்வாறு காத்திருந்தவர்.

இவர் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கருநாடகக் கடற்கரையில் உள்ள முல்கியில் பிறந்தார். பம்பாயில் வளர்ந்தார். குடும்பம் வசதியற்றது. 1960 சனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டில் ஆட அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 20. அதற்குமுன் ரஞ்சிக் கோப்பையில் ஓர் ஆட்டங்கூட அவர் ஆடியதில்லை. முதல்தர ஆட்டங்களே இரண்டுதாம் ஆடியிருந்தார். வீட்டில் இடம் போதாமையால் ஆட்டத்திற்கு முந்தைய இரவு பொதுப் பூங்காவில் படுத்துறங்கினார். கையுறைகளும் இரவல்தான். கொடுத்தவர் நரேன் தம்ஹானே. யாருடைய இடம் குந்தரனுக்குக் கிடைத்ததோ, அவரே மனமுவந்து தம் கையுறைகளை அளித்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்த டெஸ்ட் சென்னையில், மாநகராட்சி விளையாட்டரங்கில் நடைபெற்றது. இந்தியா 149 ஓட்டங்களில் சுருண்டது. அவற்றுள் ஏறத்தாழப் பாதியான 71 ஓட்டங்கள், தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கிய இவ்விளைஞருடையவை. இதன்பிறகே ரயில்வே அணிக்காக முதன்முறையாக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கி, அதிலும் இரட்டைச் சதம் அடித்தார்.

ஆயினும் 1961ஆம் ஆண்டு இறுதியில் பரூக் எஞ்சினியர் அணிக்குள் வந்தார். அவரும் பம்பாயில் ஆடி வளர்ந்தவர். அவரும் அதிரடியாக அடிப்பவர். அன்றுமுதல் அந்த ஒற்றை இடத்திற்கு இருவர் போட்டியிட்டனர். பெரும்பாலும் எஞ்சினியரே வென்றார்.

1964 சனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரின் முதல் டெஸ்ட் மீண்டும் சென்னைக்கு வந்தது. தேர்வு பெற்றிருந்த எஞ்சினியர் ஆட முடியாமற்போகவே, குந்தரனுக்கு வாய்ப்புக் கிட்டியது. முதல்நாள் மாலை ஆட்டம் முடிந்தபோது அவர் ஆட்டமிழக்காமல் 170 ஓட்டங்கள் எடுத்திருந்தார். மறுநாள் 192இல் ஆட்டமிழந்தார்; இரட்டைச் சதத்திற்கு எட்டு ஓட்டங்களே குறைவு.  அதே ஆட்டத்தில்தான் பாபு நட்கர்னி தொடர்ச்சியாக 21 ஓவர்களை ஓட்டமே கொடுக்காமல் வீசினார்.

காப்பாளர் ஒரு முழுநாள் களத்தில் நின்றால் ஐந்நூறு முறைக்கு மேல் குனிந்து எழ வேண்டும். எதிரணி ஆட்டமிழந்த பத்து நிமிடங்களில் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தொடக்க ஆட்டக்காரராக மீண்டும் களமிறங்குவது எளிதன்று. குந்தரன் அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் காப்பாளராகப் பணியாற்றியதோடு, தில்லியில் மேலும் ஒரு சதமடித்து, மொத்தம் 525 ஓட்டங்களைக் குவித்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரேலிய அணி வந்தது. முதல் டெஸ்ட் அதே சென்னை அரங்கில். காப்பாளராகக் களமிறங்கியவர் இந்திரஜித்சிங்ஜி. ஒன்பது மாதங்களுக்கு முன் அங்கே 192 ஓட்டங்கள் எடுத்தவருக்கு அணியில் இடமில்லை. கையுறைப் பணியில் அவர் பிறரைவிடச் சற்றுப் பின்தங்கியவர் என்று கருதினாலும், இம்முடிவை நியாயம் என்று ஏற்பது கடினம்.

1966 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பம்பாயில் 79 ஓட்டங்களை விரைந்து அடித்தார். கல்கத்தா ஆட்டத்திற்குப் பின் மீண்டும் நீக்கப்பட்டார். 1967 சனவரியில் சேப்பாக்கத்தில் அவர் இடத்தில் ஆடிய எஞ்சினியர், உணவு இடைவேளைக்குள்ளாகவே 94 ஓட்டங்களை எட்டிப் பின் சதமும் கண்டார். அத்துடன் போட்டி முடிவுக்கு வந்தது எனலாம்.

அவ்வாண்டு இங்கிலாந்துப் பயணத்தில் மட்டையாளராக மட்டுமே குந்தரன் சேர்க்கப்பட்டார். லார்ட்ஸில் இந்தியா 110 ஓட்டங்களில் வீழ்ந்தபோது அவர் எடுத்த 47 ஓட்டங்களே மிகுதி. பர்மிங்காமில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கடராகவன் என நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் இடம்பெற்றமையால், புதுப்பந்தை வீசும் பொறுப்பு விந்தையாகக் குந்தரனிடம் வந்தது. என்ன வகைப் பந்து வீசுவார் என்று அணித்தலைவர் பட்டோடி வினவியதற்கு, தமக்கே தெரியாது என அவர் விடையளித்ததாகச் சொல்வர். அதுவே அவருடைய இறுதி டெஸ்ட். 18 டெஸ்டுகளில் 981 ஓட்டங்கள், 23 பிடிகள், 7 ஸ்டம்பிங்குகள் அவர் கணக்கில் உள்ளன.

அக்காலத்து இந்தியாவில் கிரிக்கெட்டை மட்டும் நம்பி ஒருவர் பிழைக்க இயலாது. அலுவலகப் பணி ஒன்று துணைநிற்க வேண்டும். பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்குள்ள ஊர்க் கழகங்கள் ஊதியம் கொடுத்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை அமர்த்திக்கொள்ளும். அவர் வார இறுதியில் கழகத்திற்காக ஆடுவார். மற்ற நாள்களில் இளைஞர்களைப் பயிற்றுவிப்பார். 1970ஆம் ஆண்டில் குந்தரன் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்து, கிளாஸ்கோவை அடுத்த டிரம்பெல்லியர் கழகத்தில் அத்தகைய ஆட்டக்காரரானார். அங்கு அவருடைய இடத்திற்குப் போட்டியில்லை. நாற்பது வயதைக் கடந்த பின் ஸ்காட்லாந்து அணிக்காகவும் ஆடினார்.

2006 சூன் 23 அன்று கிளாஸ்கோவில் புற்றுநோயால் காலமானார். இந்திய விக்கெட் காப்பாளர் ஒருவர் டெஸ்டில் எடுத்த மிகுதியான ஓட்டங்கள் என்ற சிறப்பு அப்போதும் அந்த 192க்கே இருந்தது. 2013 பிப்ரவரியில் மகேந்திரசிங் தோனி 224 ஓட்டங்கள் எடுத்து அதனைக் கடந்தார். அந்த ஆட்டமும் சென்னையில்தான் நடைபெற்றது.