யார் இந்த ஜோனாஸ் சவிம்பி? சீனாவும் அமெரிக்காவும் ஆதரித்த அங்கோலா கெரில்லா தலைவரின் கதை

'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஓப்ஸ் 2' வீடியோ கேம் ஆடியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கலாம். 1986, அங்கோலா. கவச வண்டி மேல் நின்றபடி, தாடி வைத்த ஒரு தலைவர் தன் படையை உசுப்பேற்றிக்கொண்டே முன்னேறுவார். அது கற்பனைப் பாத்திரம் இல்லை. அவர்தான் ஜோனாஸ் சவிம்பி. அப்பாவைக் காட்டுமிராண்டி போலக் காட்டிவிட்டார்கள் என்று அவரது பிள்ளைகள் பிரான்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல் அந்த வழக்கு தள்ளுபடியானது.

சவிம்பி உண்மையில் யார்? விடுதலை வீரரா, அந்நிய நாடுகளின் கைப்பாவையா, இனத்தின் காவலனா? மூன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. சிக்கலே அங்குதான்.

ஸ்டேஷன் மாஸ்டரின் மகன்

சவிம்பி பிறந்தது 1934 ஆகஸ்ட் 3. ஊர், முன்யாங்கோ. அட்லான்டிக் கரையிலிருந்து காங்கோ எல்லை வரை போகும் பெங்கேலா ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையம். அப்பா லோட் சவிம்பி அந்த ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கூடவே புராட்டஸ்டன்ட் மதபோதகர்.

அப்போது அங்கோலா போர்த்துகலின் காலனி. கறுப்பின மாணவர்கள் மேல்படிப்பு வரை போவது அபூர்வம். மிஷன் பள்ளிகளில் படித்த சவிம்பி 1958இல் உதவித்தொகையில் லிஸ்பன் போனார். மருத்துவம் படிக்கத்தான் போனார். காலனி எதிர்ப்பு அரசியல் இழுத்தது, போலீஸ் பின்தொடர்ந்தது. சுவிட்சர்லாந்துக்குப் போய் அரசியல் படிப்பில் சேர்ந்தார். தாய்மொழி உம்புண்டுவோடு போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் சரளம். பின்னாளில் அவர் கையில் இருந்த பெரிய ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

மூன்று இயக்கங்கள், மூன்று சமூகங்கள்

போர்த்துகலை எதிர்த்து அங்கோலாவில் மூன்று இயக்கங்கள் இருந்தன. தலைநகர் லுவாண்டாவையும் அதைச் சுற்றிய கிம்புண்டு மொழி பேசும் மக்களையும், நகரத்துப் படித்தவர்களையும், கலப்பினத்தவரையும் தளமாகக் கொண்டது எம்பிஎல்ஏ. வடக்கே பகோங்கோ மக்களிடம் வேரூன்றியது எஃப்என்எல்ஏ. நடு மேட்டுநிலத்தில் வாழும் ஓவிம்புண்டு மக்கள்தான் நாட்டின் மிகப்பெரிய இனம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களுக்கென்று ஓர் இயக்கம் இல்லை.

அவர்களுக்குக் குறை நிறைய இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வடக்கின் காபித் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 1961இல் வடக்கே எழுந்த கிளர்ச்சியில் வெள்ளைக்காரர்களோடு ஓவிம்புண்டு கூலிகளும் கொல்லப்பட்டார்கள்.

முதலில் எஃப்என்எல்ஏவில் இருந்த சவிம்பி 1964இல் அதிலிருந்து விலகினார். 1965இல் சீனாவில் கெரில்லாப் பயிற்சி. 1966 மார்ச் 13 அன்று கிழக்கு அங்கோலாவின் முவாங்காய் கிராமத்தில் யுனிடா பிறந்தது. அந்த டிசம்பரில் அது தாக்கியது பெங்கேலா ரயில் பாதையை. ஜாம்பியாவின் தாமிரம் கடலுக்குப் போகும் வழி அது. கோபமடைந்த ஜாம்பியா அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது.

ஒருபக்கம் மாவோ பாணிப் புரட்சி. மறுபக்கம், 1970களின் தொடக்கத்தில் எம்பிஎல்ஏவுக்கு எதிராகப் போர்த்துகல் ராணுவத்துடனே ரகசியத் தொடர்பு. இதுபற்றிய கடிதங்கள் 1974இல் பத்திரிகையில் வெளிவந்தன. யுனிடா மறுத்தது.

வெளிநாடுகள் ஏன் வந்தன?

1974இல் லிஸ்பனில் ராணுவம் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தது. காலனிகளுக்கு விடுதலை உறுதியானது. 1975 ஜனவரியில் அல்வோர் ஒப்பந்தப்படி மூன்று இயக்கங்களும் சேர்ந்து இடைக்கால அரசு அமைத்தன. சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. நவம்பர் 11 அன்று விடுதலை கிடைத்தபோது நாடு போர்க்களம்.

யார் யாருக்கு என்ன கணக்கு?

சோவியத் யூனியனும் கியூபாவும்: எம்பிஎல்ஏ பக்கம். 1976 தொடக்கத்துக்குள் சுமார் 36,000 கியூபா வீரர்கள் வந்து இறங்கினார்கள்.

தென்னாப்பிரிக்கா: நிறவெறி ஆட்சி. அங்கோலாவுக்குத் தெற்கே உள்ள நமீபியா அதன் பிடியில் இருந்தது. நமீபியாவின் விடுதலைப் போராளிகளுக்கு அங்கோலாவில் இடம் கிடைக்கக் கூடாது என்பது அதன் கவலை. யுனிடாவுக்குத் துணையாகப் படையெடுத்தது.

அமெரிக்கா: சோவியத் காலூன்றக் கூடாது. அதற்காக எஃப்என்எல்ஏவுக்கும் யுனிடாவுக்கும் ரகசிய உதவி. வியட்நாமில் பட்டது போதும் என்று 1976இல் நாடாளுமன்றமே அதைத் தடுத்தது.

இந்தப் பட்டியலில் ஓவிம்புண்டு மக்களின் காபித் தோட்டக் குறை எங்கும் இல்லை. ஒவ்வொருவரும் தன் காரியத்துக்கு வந்தவர்கள். சவிம்பிக்கும் இது தெரியும். பீஜிங்கில் மாவோவின் சீடர், வாஷிங்டனில் கம்யூனிச எதிர்ப்பாளர், மேட்டுநிலத்தில் ஓவிம்புண்டு மக்களின் தலைவர் என்று ஆளுக்கேற்ற மொழியில் பேசினார். ஆனால் கறுப்பின விடுதலை பேசியவர் நிறவெறி அரசோடு கைகோத்தது ஆப்பிரிக்காவில் அவருக்கு அழியாத கறையானது.

வெள்ளை மாளிகையில் கெரில்லா

தோற்று தென்கிழக்குக் காட்டுக்குள் பின்வாங்கிய சவிம்பி, ஜாம்பாவில் தலைமையகம் அமைத்தார். பள்ளி, மருத்துவமனை, விமான ஓடுதளம் எல்லாம் இருந்த தனி ராஜ்யம் அது. 1985இல் அமெரிக்கத் தடை நீங்கியது. 'பிளாக், மேனஃபோர்ட், ஸ்டோன் அண்ட் கெல்லி' என்ற வாஷிங்டன் லாபி கம்பெனியை 6 லட்சம் டாலருக்கு யுனிடா அமர்த்தியது. 1986 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் ரீகனைச் சந்தித்தார். அடுத்து, விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஸ்டிங்கர் ஏவுகணைகள் வந்தன.

வேடிக்கை என்னவென்றால், எம்பிஎல்ஏ அரசுக்கு வருமானம் தந்ததும் அமெரிக்கக் கம்பெனிதான். கபிண்டாவில் கல்ஃப் ஆயில், பிறகு செவ்ரான் எடுத்த பெட்ரோலியப் பணத்தில்தான் சோவியத் ஆயுதங்கள் வாங்கப்பட்டன. அந்த எண்ணெய் வயல்களுக்குக் காவல் இருந்தவர்களில் கியூபா வீரர்களும் உண்டு.

ஜாம்பாவுக்குள் நடந்தது வேறு கதை. 1983 செப்டம்பரில் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி பெண்களை, குழந்தைகளை உயிரோடு எரித்தார்கள் என்று யுனிடாவிலிருந்து பிரிந்தவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். வாஷிங்டனில் யுனிடாவின் முகமாக இருந்த டிட்டோ சிங்குஞ்சி குடும்பத்தோடு கொல்லப்பட்டார். எந்த மக்களின் பாதுகாப்புக்கென்று இயக்கம் பிறந்ததோ, அவர்களே அதன் தலைவருக்குப் பயந்து வாழ்ந்தார்கள்.

ஆதரவு போன பிறகும் போர் ஏன் நிற்கவில்லை?

1988 டிசம்பரில் நியூயார்க் ஒப்பந்தம். கியூபா வெளியேறும், நமீபியா விடுதலை பெறும். சோவியத் யூனியனும் சரியத் தொடங்கியிருந்தது. 1991 மே மாதம் பிசெஸ்ஸே ஒப்பந்தத்தில் சண்டை நிறுத்தம், தேர்தல் முடிவானது.

1992 செப்டம்பர் 29, 30 தேதிகளில் வாக்குப்பதிவு. அதிபர் தேர்தலில் எம்பிஎல்ஏவின் தோஸ் சான்டோஸ் 49.57 சதவீதம், சவிம்பி 40.07 சதவீதம். யாருக்கும் பாதி கிடைக்காததால் இரண்டாம் சுற்று வர வேண்டும். தேர்தல் பெரும்பாலும் நேர்மையாகவே நடந்தது என்றது ஐ.நா. மோசடி என்றார் சவிம்பி. அக்டோபர் இறுதியில் லுவாண்டாவில் மூன்று நாள் வெறியாட்டம். யுனிடாக்காரர்களும், அப்படிச் சந்தேகிக்கப்பட்ட ஓவிம்புண்டு, பகோங்கோ மக்களும் வேட்டையாடப்பட்டார்கள். யுனிடா துணைத் தலைவர் செரெமியாஸ் சிட்டுண்டாவும் பலியானார். இரண்டாம் சுற்று நடக்கவே இல்லை.

1993 மே மாதம் அமெரிக்கா எம்பிஎல்ஏ அரசை அங்கீகரித்து, சவிம்பியைக் கழற்றிவிட்டது. அதோடு போர் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் கொரில்லா படையைக் கட்டி, ஆயுதம் கொடுத்து, பழக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பணத்துக்கு மட்டும் வேறு வழி தேவைப்பட்டது. குவாங்கோ பள்ளத்தாக்கில் வைரம் இருந்தது. 1992 முதல் 1998 வரை யுனிடாவின் வைர வருமானம் சுமார் 370 கோடி டாலர் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு மதிப்பிட்டது. அரசுக்குப் பெட்ரோல், யுனிடாவுக்கு வைரம். இனி யாருடைய தயவும் வேண்டாம்.

இதன் விலையைக் கொடுத்தது மேட்டுநிலம்தான். 1993இல் ஓவிம்புண்டு நிலத்தின் முக்கிய நகரமான உவாம்போவைப் பிடிக்க யுனிடா 55 நாள் சண்டையிட்டது. வயல்களெங்கும் கண்ணிவெடி. 1994இன் லுசாகா ஒப்பந்தமும் உடைந்தது. 1998இல் யுனிடா வைரத்துக்கு ஐ.நா. தடை போட்டது. 'ரத்த வைரம்' என்ற சொல் உலகமெங்கும் பரவியதில் அங்கோலாவுக்கும் பங்கு உண்டு.

முடிவும் மிச்சமும்

தளங்களை இழந்து ஓடிக்கொண்டிருந்த சவிம்பியை 2002 பிப்ரவரி 22 அன்று கிழக்கே மொஷிகோ மாகாணத்தில் அரசுப் படை சுட்டுக் கொன்றது. ஆறே வாரத்தில், ஏப்ரல் 4 அன்று போர் நிறுத்தம் கையெழுத்தானது. 27 ஆண்டுப் போரில் சுமார் 5 லட்சம் பேர் இறந்தார்கள், 40 லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சவிம்பியின் உடல் 2019இல்தான் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, சொந்த ஊர்ப் பக்கம் லோப்பிடாங்காவில் அடக்கமானது.

போரில் முடங்கிக் கிடந்த பெங்கேலா ரயில் பாதையைச் சீனக் கம்பெனி புதுப்பித்து, 2015இல் அது திறக்கப்பட்டது. போனுக்கும் பேட்டரிக்கும் வேண்டிய தாமிரமும் கோபால்ட்டும் போகும் வழி என்பதால் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இப்போது அதே பாதையில் பணம் போட முன்வந்திருக்கின்றன. வெளிநாடுகளின் கணக்கு மாறியிருக்கிறது, முடியவில்லை.

யுனிடா இன்று ஆயுதமில்லாத எதிர்க்கட்சி. 2022 தேர்தலில் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கியது. 30 ஆண்டுகளுக்கு முன் ஓவிம்புண்டு மக்கள் வேட்டையாடப்பட்ட அதே லுவாண்டாவில், எம்பிஎல்ஏவை அது முந்தியது. வேலையில்லாமல் தவித்த தலைநகர இளைஞர்கள் இனம் பார்த்து ஓட்டுப் போடவில்லை. 1992இல் சவிம்பி கையில் 40 சதவீதம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்தால், அதன்பின் வந்த பத்தாண்டுப் போருக்குத் தேவையே இருந்திருக்காது.