ஆலைப் பெண்களுக்குப் பூ காட்டிய ஆசிரியை

பெரகலைச் சந்தியில் நின்று பார்ப்பவருக்குத் தெற்கே மலை சரிந்து தாழ்நாடு தெரியும். வடக்கே அப்புத்தளைக்கு ஏறும் பாதை தெரியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் பூவுக்குப் பஞ்சம் இல்லை. பாதையோரமெங்கும் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாய் மலிந்து கிடக்கிறது. லயத்து வாசல்களில் பழைய தகரங்களிலும் உடைந்த வாளிகளிலும் டேலியாவும் செவ்வந்தியும் கொழித்து நிற்கின்றன. ஆயினும் அப்பூக்களில் ஒன்றேனும் லயத்து அறைக்குள் ஒரு நீர்க்கலத்தில் வீற்றிருக்கக் காண்பது அரிது. பூ, சாமிக்கு உண்டு, கூந்தலுக்கு உண்டு, சாவு வீட்டுக்கும் உண்டு. கண் களிப்பதற்கென்றே அறையின் மூலையில் ஒரு பூவை வைத்துப் பார்ப்பது பங்களாக்காரர் வழக்கம் என்றே நம்மவர் எண்ணி வந்தனர்.

அவ்வாறு எண்ணியதற்குக் காரணமும் உண்டு. துரைமார் காலத்தில் பாத்தி கட்டி, உரமிட்டு, விடியற்காலையில் பூவைக் கொய்து பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நம் தோட்டக்காரன். அதை ஜாடியில் அடுக்கி அழகு பார்த்தவள் துரைசாணி. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டி முடித்த அடிசம் மாளிகை, பின்னாளில் துறவியர் மடமாயிற்று. இன்று அதன் பூந்தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மாளிகையின் பெயரையும் துரையின் பெயரையும் கேட்டறிந்து வருகின்றனர். அங்கே மண்ணைக் கொத்தியவரின் பெயரைக் கேட்பார் இல்லை.

பூ யாருக்கு உரியது என்ற இந்தக் கேள்வியைத் துரைசாணிகளின் சொந்த நாட்டிலேயே ஒரு பெண்மணி தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பிக்கொண்டிருந்தார். அவர் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிரை அம்மையார். இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு மலர் அலங்காரம் செய்தவர் என்றே உலகம் அவரை அறியும். எனக்கோ அவர் வாழ்வில் அந்த வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தைவிடக் கிழக்கு இலண்டனின் ஒரு பள்ளிக்கூடமே பெரிதாகத் தோன்றுகிறது. தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்தவன் ஆதலால் என் கண் அங்கே போய் நிற்கிறது போலும்.

அம்மையார் 1886 டிசம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் டார்பி நகரில் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் பிளெச்சர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். இரவில் படித்துப் படித்துத் தம்மை உயர்த்திக்கொண்டு அரசாங்கக் கல்விப் பகுதியில் உத்தியோகம் பெற்று, குடும்பத்தோடு அயர்லாந்துக்குப் பெயர்ந்தவர். மகளும் படிப்பில் ஊக்கம் கொண்டாள். ஆனால் அவள் முதலிற் கற்றது மலர்க்கலை அன்று. சுகாதாரமும் நோயாளரைப் பேணும் முறையுமாகும். அயர்லாந்தின் ஏழைக் குடில்களைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்குடில்களில் வாழ்ந்த தாய்மாருக்குக் காற்றும் வெளிச்சமும் தூய்மையும் ஏன் வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று எடுத்துரைப்பதே அவருடைய முதல் உத்தியோகமாயிற்று. பிற்காலத்தில் அவர் செய்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தத் தொடக்கத்தை மறவாதிருத்தல் நன்று. ஓர் ஏழையின் அறை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1910-இல் நிலக்கரிச் சுரங்க மேலாளரான ஜேம்ஸ் மார் என்பவரை மணந்தார். 1912-இல் ஒரு மகன் பிறந்தான். இல்வாழ்வு இனிக்கவில்லை, கொடுமை மிகுந்திருந்தது. 1916-இல் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு கணவர் வீட்டை விட்டு வெளியேறினார். முதலாம் உலகப் போரின் நடுவில், முப்பது வயதை எட்டும் ஒரு பெண் அவ்வாறு வெளியேறுவது எளிய காரியம் அன்று. பாரோ நகரத்து ஆலையில் பெண் தொழிலாளரின் நலன் பேணும் வேலை கிடைத்தது. அதன்பின் இலண்டனில் வானூர்தி உற்பத்தி சார்ந்த அரசாங்க அலுவலகத்தில் பெண் ஊழியருக்குத் தலைமை வகித்தார். போர் முடிந்தது. 1921-இல் ஹோமர்ட்டன், தென் ஹக்னி வட்டாரத் தொடர்கல்விப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார்.

இப்பள்ளியைப் பற்றிச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டு ஆலைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் போய்விட்ட பிள்ளைகள், கிழமையில் ஒரு பகுதியேனும் வந்து படிக்கவேண்டும் என்று 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்ததன் விளைவாக எழுந்தவை இத்தகைய பள்ளிகள். இடமோ இலண்டனின் வறிய கிழக்குப் பகுதி. வந்த பெண்கள் களைத்து வந்தனர். கட்டாயத்தின் பேரில் வந்தனர். அவர்களுக்குச் சமையலும் தையலும் கற்பித்தால் போதும் என்பதே அக்காலத்து அறிஞர் கருத்து. அம்மையாரும் அவற்றைக் கற்பித்தார். ஆனால் அவற்றோடு மலரையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்; நாளடைவில் மலர் அலங்காரமே ஒரு பாடமாயிற்று.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்கு மலர் அலங்காரம் எதற்கு என்று எவரும் கேட்கக்கூடும். என் வகுப்பறைகளை எண்ணும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. எங்கள் தோட்டங்களில் உயர்தரப் படிப்பை எட்டாமலே கொழும்பு ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் போகின்ற பெண்பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுத்தனுப்புகிறோம்? எழுத்தும் கணக்கும் கொடுக்கிறோம். அவை வேலைக்கு ஆகும். வேலை முடிந்து, ஆறு பேர் படுக்கும் விடுதி அறைக்குத் திரும்பும்போது, அந்த அறையைத் தன்னுடையது என்று அவள் உணர்வதற்கு ஏதாவது கொடுத்தோமா? ஹோமர்ட்டன் தலைமையாசிரியை அந்த இடத்தைத் தொட்டார். ஒரு கிளையை நிறுத்திவைத்துச் சற்று எட்டநின்று பார்க்கத் தெரிந்தவளுக்குத் தன் விருப்பு எது, வெறுப்பு எது என்பதும் தெரிந்துவிடுகிறது. அது சிறிய கல்வி அன்று.

1920-களின் நடுவில் ஹென்றி ஸ்பிரை என்பவரோடு வாழத் தொடங்கினார். சட்டப்படி மணம் நிகழவில்லை. எனினும் அவர் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே மலர்த்தொழிலில் இறங்கினார் என்பது, காலம் போய்விட்டது என்று சோர்ந்திருப்போர் கவனிக்கத்தக்கது. திரையரங்குகளுக்கும், அட்கின்சன்ஸ் என்னும் வாசனைத் திரவியக் கடையின் சாளரங்களுக்கும் மலர் அடுக்கும் வேலை வந்தது. கடையின் சாளரத்தில் அவர் வைத்தவை கண்ணாடி வீட்டில் வளர்த்த விலையுயர்ந்த பூக்கள் மட்டும் அல்ல; வேலியோரத்துக் காட்டுச் செடிகளும் கொடிகளும் அங்கே இடம் பெற்றன. தெருவிற் போனவர்கள் நின்று பார்த்தனர். 1929-இல் சொந்தக் கடை திறந்தார். 1934-இல் அது செல்வர் வாழும் மேபெயார் பகுதிக்கு மாறியபோது ஏறத்தாழ 70 பேர் அதில் வேலை செய்தனர். மலர் அலங்காரம் பற்றிய அவரது முதல் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

அவர் செய்த புதுமை யாது? அதுவரை இலண்டன் பூக்கடைகளில் கம்பியால் வரிந்து கட்டிய கார்னேசனும் மெல்லிழைத் தழையுமே மரபு. அம்மையார் அந்தக் கட்டுகளை அவிழ்த்தார். காய்ந்த விதைக்காய், காட்டுப் புல், பழக்குலை, கோவா இனத்துச் சுருட்டைக் கீரையின் இலை ஆகியவற்றையெல்லாம் ரோசாவுக்கு அருகே சரியாசனத்தில் அமர்த்தினார். வெலிமடைப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். கலத்திலும் அவர் பேதம் பார்க்கவில்லை. குழம்புக் கிண்ணம், அடுதட்டு, பறவைக் கூண்டு எல்லாம் அவருக்கு ஜாடிகளே. அந்த வரிசையில் எங்கள் லயத்துப் பால்மாத் தகரத்துக்கும் இடம் உண்டு என்பது என் துணிபு.

தழையை அழகென்று கண்டது நமக்குப் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் காட்டியதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அந்தப் பழங்காலத்துக் குறிஞ்சிப் பெண்டிர் பூவை மட்டும் அன்றித் தழையையும் தொடுத்து உடுத்தினர். தலைவன் தலைவிக்குத் தரும் பரிசிலும் தழை உண்டு. பின்வந்த நாமோ தழையை விறகுக்கும் ஆட்டுக்கும் விட்டுவிட்டோம். பெரகலையின் சரிவில் மானாப் புல் காற்றிற் சாயும்போது அதன் பூங்கதிர் வெள்ளி போல் மின்னுவதை ஸ்பிரை அம்மையார் கண்டிருந்தால், கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார்.

கைத்திறனிலும் அவரிடம் கற்பதற்கு உண்டு. கோழிக்கூட்டுக் கம்பிவலையைக் கசக்கிக் கலத்துக்குள் இட்டு, அதன் கண்களில் காம்பைச் செருகுவார். பூ தான் விரும்பிய பக்கம் சாய்ந்து நிற்கும். வெயில் ஏறுமுன் காலையிலோ, தாழ்ந்தபின் மாலையிலோ பூக்கொய்தல் வேண்டும். கொய்தவுடன் கழுத்தளவு நீரில் நிழலான இடத்தில் சில மணிநேரம் நிறுத்தி, அதன்பின்னரே அடுக்குதல் வேண்டும். நீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிடாவிட்டால் அவை அழுகி நீரைக் கெடுக்கும்; பூவின் ஆயுள் குறையும். பால் வடியும் காம்பின் நுனியைக் கொதிநீரில் ஒரு கணம் தோய்க்க, வடிதல் நிற்கும். டேலியா வெட்டியபின் மேலும் விரிவதில்லை. ஆதலின் நன்றாய் மலர்ந்ததையே வெட்டவேண்டும். மரக்காம்பைச் சுத்தியலால் நசுக்குவது அக்காலத்து வழக்கம். நசுக்கினால் நீர் ஏறும் குழல்களே சிதைகின்றன, சரிவாய் வெட்டினாலே போதும் என்பது இன்றைய மலர்த்தொழிலாளர் கண்ட முடிவு.

நிற்க. அம்மையாரின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. அதை மறைப்பது முறையன்று. ஏழைப் பெண்களிடம் பூவைக் கொண்டுசென்றவர், செல்வரின் விருந்து மண்டபங்களாலேயே பிழைத்தார். வெண்மலர்களையே அடுக்கும் நாகரிகம் அவராற் பரவியது. அந்த வெண்மலர் அடுக்கை ஓவியமாகத் தீட்டிய குளுக் என்னும் ஓவியரோடு 1930-களில் அவருக்கு ஆழ்ந்த காதல் உறவும் இருந்தது. 1937 ஜூன் 3-ஆம் நாள், முடி துறந்த விண்ட்சர் கோமகன் பிரான்சில் மணம் புரிந்தபோது, அரச குடும்பமே விலகி நின்ற அத்திருமணத்துக்குத் தாமே சென்று மலர் அடுக்கினார். பத்தாண்டுகள் சென்று, 1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு அரண்மனை அவரையே அழைத்தது. இடையில் வந்த போர்க்காலத்தில் பூம்பாத்திகளில் காய்கறி நடும்படி நேர்ந்தது. 1942-இல் வீட்டுத் தோட்டத்தையும் அடுக்களையையும் இணைத்து ஒரு நூல் எழுதினார்.

1953-இன் முடிசூட்டு விழா அவர் புகழின் உச்சி. எலிசபெத் அரசி அப்போது இலங்கைக்கும் அரசி. காமன்வெல்த் நாடுகளிலிருந்து மலர்கள் விமானத்தில் வந்து இறங்கின. அயல்நாட்டு விருந்தினருக்கான பகலுணவை, அம்மையாரும் ரோஸ்மேரி ஹியூம் அம்மையாரும் நடத்திய சமையற்பள்ளி மாணவியரே ஆக்கினர். அதில் இடம்பெற்ற குளிர்ந்த கோழிக்கறி இன்றும் ஆங்கில நாட்டிற் பேர்பெற்றது. அதைச் சமைத்த பெருமை பெரிதும் ஹியூமுக்கே உரியது. பாலாடை கலந்த அக்கூட்டில் ஒரு சிட்டிகை கறித்தூள் இட்டிருந்தனராம். நம் அம்மிக்குப் பழகிய நாவுக்கு அது கறியாகவே தோன்றாது!

1960 ஜனவரி 3-ஆம் நாள், விண்ட்சருக்கு அருகே தாம் நடத்திய விங்பீல்ட் பள்ளியின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய ரோசா வகைகளைத் தேடித் தேடித் தம் தோட்டத்தில் காத்தவர் அவர். 1961-இல் டேவிட் ஒஸ்டின் தாம் முதன்முதல் வெளியிட்ட ரோசாவுக்கு அவருடைய பெயரை இட்டார். அது இளஞ்சிவப்பான பெரிய பூ; வாசம் மிக்கது; ஆண்டுக்கு ஒரே பருவத்தில் மட்டும் பூப்பது.

அவர் மறைந்து 44 ஆண்டுகள் கழிந்தபின், 2004-இல், இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அவருடைய பணியைக் கண்காட்சியாக வைத்தது. பூவை அடுக்குவதும் ஒரு வடிவமைப்போ என்று பெரிய வாதம் கிளம்பிற்று. இயந்திரமும் பயனுமே அருங்காட்சியகத்துக்கு உரியவை என்று கருதிய அதன் தலைவர், கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பதவியைத் துறந்து வெளியேறினார். அவர் ஜேம்ஸ் டைசன். வீட்டின் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தைப் புதுமுறையிற் செய்து புகழ்பெற்றவர். கண்காட்சி நிற்கவில்லை. தொடர்ந்து நடந்தது.